நம்பிக்கைப் பிரிவு, மூன்றாம் மாடி

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் நற்பொழுது மருத்துவமனை. அங்கே யாருக்கும் உடம்பு சரியில்லை என்று சொல்லக்கூடாது. நிர்வாகத்தின் உத்தரவு. வருகிறவர்களுக்கு நோயாளி என்ற பெயர் கிடையாது, ‘நலம்நோக்கி’ என்று பெயர். அவசர சிகிச்சைப் பிரிவின் பலகையில் இருந்த ‘அவசரம்’ பயமுறுத்துகிறது என்று அதை எடுத்துவிட்டு ‘நிதான நலம்’ என்று எழுதி வைத்திருந்தார்கள். மண்டை உடைந்து வந்தவர்கள் அது ஏதோ யோகா வகுப்பு என்று நினைத்துத் தாண்டிப் போய் மருந்துக் கடை வரிசையில் நின்றார்கள். லிஃப்டில் ஒரு பெண் குரல் ‘மேலே போகிறோம்’ என்று மட்டும் சொல்லும். கீழே என்ற சொல் மனதைச் சோர்வாக்குமாம், அதனால் அதைப் பதிவு செய்யவில்லை. வயதானவர்கள் அந்த லிஃப்டில் ஏறுவதை நிறுத்திவிட்டு, மூச்சு வாங்கப் படியிலேயே ஏறி வந்தார்கள்.

இந்த ஆஸ்பத்திரியில்தான் யசோதரன் தன் மனைவி ஜெயந்திமாலாவைச் சேர்த்திருந்தார். போளூர்ப் பக்கம் ஒரு சமணக் கிராமம் அவர்களுடையது, நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். ஒரே மகள் தீக்ஷா புனேயில் வேலை. வந்து கூட இருந்து பார்த்துவிட்டு லீவு முடிந்து திரும்பிப் போயிருந்தாள். ஜெயந்திமாலாவுக்கு முதலில் சிறுநீரகம் மட்டும்தான் கெட்டிருந்தது. பிறகு அதைப் பார்த்து மற்றவையும் ஒவ்வொன்றாகக் கெட ஆரம்பித்தன.

யசோதரனுக்குத் தெரிய வேண்டியது ஒரே ஒரு விஷயம். இவள் எழுந்து நடமாடுவாளா, மாட்டாளா? மாட்டாள் என்றால் உடனே ஊருக்குக் கூட்டிப்போய்விட வேண்டும். ஜெயந்திமாலா அவரிடம் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான்.

அவளுக்கு ஊரில் ஒரு வேலை பாக்கி இருந்தது. யசோதரனின் தம்பி மனைவி மருதேவியும் அவளும் பேசிப் பல வருடம் ஆகிறது. அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரே சுவர். ஒரு கல்யாணப் பந்தியில் நாலு பேர் நடுவில் ஜெயந்திமாலா, “இவ பொழுது சாய்ஞ்சு சாப்பிடுறவதானே” என்று சொல்லிவிட்டாள். மற்றவர்களுக்கு இது ஒரு பேச்சா என்று தோன்றும். சூரியன் இறங்கினபின் பல்லில் பருக்கை படாமல் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற குடும்பங்களில் இதைவிடப் பெரிய வசவு கிடையாது. உண்மையில் மருதேவி காய்ச்சலில் கிடந்த ஒருநாள், மாத்திரை போடுவதற்காக விளக்கு வைத்தபின் இரண்டு வாய் கஞ்சி குடித்திருந்தாள், அவ்வளவுதான்.

சமணர்களிடையே மன்னிப்புக் கேட்பதற்கென்றே வருடத்தில் ஒரு நாள் உண்டு. ஜெயந்திமாலா அந்த நாளில் ஊரில் எல்லார் வீட்டுக்கும் போவாள், மருதேவி வாசல் வரும்போது மட்டும் நடை வேகமாகிவிடும். அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளிக்கொண்டே வந்ததில், இப்போது அடுத்த வருடம் என்று ஒன்று இருக்கிறதா என்பதே சந்தேகமாகிவிட்டது. போனில் கேட்டுவிடேன் என்று யசோதரன் சொல்லிப் பார்த்தார். செய்தது நான், நான்தான் போய் நிற்கணும் என்றுவிட்டாள்.

ஆகவே அவர் டாக்டர் சாம்பவியிடம் போய்க் கேட்டார். சின்ன வயசு டாக்டர், கண்ணுக்குக் கீழே கருவளையம். ஜெயந்திமாலா நன்றாக இருப்பதாகச் சொன்னார். ரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டினார். கிரியேட்டினின் என்று ஒன்று, சிறுநீரகம் கெட்டால் கூடுவது, ஏறியிருந்தது. பக்கத்தில் பச்சை நிறத்தில் மேல்நோக்கி ஒரு அம்பு, ‘நல்ல வளர்ச்சி’ என்று அச்சிட்டிருந்தது.

ஏறினால் நல்லதா என்று யசோதரன் கேட்டார். இந்த ஆஸ்பத்திரியில் எல்லா அம்பும் பச்சைதான் என்று டாக்டர் சொன்னார். எழுந்து நடப்பாளா என்றார். நடப்பது ஒரு மனநிலை என்று பதில் வந்தது. அதைச் சொல்லும்போது அறை மூலையில் இருந்த கேமரா பக்கம் டாக்டரின் கண் ஒருமுறை போய் வந்தது. மேற்கொண்டு ஏதாவது தெரிய வேண்டும் என்றால் மூன்றாம் மாடிக்குப் போகச் சொன்னார்.

மூன்றாம் மாடிதான் நம்பிக்கைப் பிரிவு. சுவரெல்லாம் மஞ்சள் வர்ணம். ஒரு பெரிய ஜன்னல் மலையைப் பார்த்துத் திறக்கும்படி கட்டப்பட்டிருந்தது. அந்த ஜன்னலை முழுக்க மறைத்து ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். போஸ்டரில் இருந்ததும் அதே மலைதான், சூரியோதயத்தோடு. நிஜ மலையில் கோடைக்காலத்தில் பசுமை கம்மியாகத் தெரிகிறது என்று காரணம் சொன்னார்கள்.

அந்தப் பிரிவில் சைலஜா என்ற பெண் ‘நம்பிக்கைத் தோழி’யாக வேலை பார்த்தாள். மாடி ஏறி வந்த யசோதரனை உட்காரவைத்து, ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி தண்ணீர் வைத்து, இதைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது என்று கேட்டாள். யசோதரன் டம்ளரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது வடிகட்டினதாம்மா?”

அவர் தவறாக ஒன்றும் கேட்கவில்லை. துணியில் வடிகட்டாத தண்ணீரை அவர் வீட்டில் யாரும் குடித்ததில்லை, கிணற்றடியில் வெள்ளைத் துணி எப்போதும் காய்ந்துகொண்டிருக்கும். ஆனால் சைலஜாவின் கம்ப்யூட்டரில் பாதி நிறைந்தது, பாதி காலி என்று இரண்டு பொத்தான்கள்தான் இருந்தன. அவள் திகைத்துப்போய் மேலிடத்தைக் கேட்டாள். ‘ஆழ்ந்த சந்தேக மனப்பான்மை’ என்று போடச் சொல்லி உத்தரவு வந்தது.

கூடவே இன்னொன்றும் வெளியே வந்தது. ராத்திரிச் சாப்பாடு வார்டுக்கு ஏழரைக்கு வரும். ஜெயந்திமாலாவின் தட்டு தினமும் தொடாமல் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. யசோதரன் ஐந்து மணிக்கே வெளியே போய் இட்லி வாங்கிவந்து ஊட்டிவிடுவார், அந்த விஷயம் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அது தட்டு திரும்பியதை மட்டும் பார்த்து, ‘வாழும் விருப்பம் குறைவு’ என்று சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டது. புருஷனுக்குச் சந்தேகம், பெண்டாட்டிக்கு விருப்பக் குறைவு. பிரிவின் தலைவர் சோமேஷ் நேரிலேயே இறங்கி வந்தார்.

சோமேஷ் நல்ல உயரம், முதுகில் பை, சட்டையில் சிரிக்கிற முகம் போட்ட பேட்ஜ் குத்தியிருந்தார். யசோதரனின் தோளில் கை போட்டுக்கொண்டு வராந்தாவில் நடத்திக்கொண்டே விளக்கினார்.

“நன்னம்பிக்கைக்கு ரெண்டு படி இருக்குப்பா. முதல் படி மனோபாவம். நாளைக்கு நல்லது நடக்கும்னு நினைக்கிறது. நாங்களும் அதுலதான் ஆரம்பிச்சோம். அதுல ஒரு சிக்கல், நாளைக்குன்னு ஒண்ணு வந்துடுது. வந்து எங்களைக் கேள்வி கேக்குது. அதனால இப்ப ரெண்டாவது படிக்கு வந்துட்டோம். அது தத்துவம். இருக்கக்கூடிய உலகத்திலேயே இதுதான் சிறந்த உலகம், நடக்கிறது எதுவோ அதுவே நல்லது. இதுல யாரும் எதையும் நிரூபிக்கத் தேவையில்ல. புகார் பாதியாக் குறைஞ்சிடுச்சு.”

எல்லாமே ஏற்கெனவே நல்லதுதான் என்றால் மருந்து எதற்கு என்று யசோதரனுக்கு நிஜமாகவே புரியவில்லை. கேட்டார். மருந்தும் அந்தச் சிறந்த உலகத்தில்தான் இருக்கிறது என்றார் சோமேஷ். சரிங்க, அவ பிழைப்பாளா என்று கேட்டார். இந்தக் கேள்வியைக் கேட்கிற மனசுதான் நோய் என்று பதில் வந்தது. யசோதரனுக்கு முட்டி வலித்தது. அந்த வராந்தாவில் உட்கார ஒரு பெஞ்சு கிடையாது, உட்கார்ந்தால் சோர்வு வருமாம்.

ராத்திரி சாப்பிடாதது எங்கள் வழக்கம் என்று அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். சோமேஷ் கையைக் கூப்பி, எல்லா வழக்கத்தையும் நாங்கள் மதிக்கிறோம் என்றார். அன்று சாயங்காலமே ஜெயந்திமாலாவின் கட்டிலுக்கு எதிரே ஒரு பெரிய டிவியைக் கொண்டுவந்து மாட்டினார்கள். அதில் நாள் முழுக்கச் சூரியன் உதித்துக்கொண்டே இருந்தது. ஏழரைக்குத் தட்டு வந்தபோது சைலஜா டிவியைக் காட்டி, இங்கே எப்போதும் விடியல்தான் அம்மா, தாராளமாகச் சாப்பிடலாம் என்றாள். ஜெயந்திமாலா கொஞ்ச நேரம் அந்தச் சூரியனைப் பார்த்தாள்.

“ஏம்மா, இது எப்பதான் மேல வரும்?” என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவர்களுக்கு நிம்மதி போயிற்று. காலையில் கைதட்டும் குழு வந்தது, கட்டிலைச் சுற்றி நின்று தட்டிவிட்டுப் போனது. மத்தியானம் சிரிப்புப் பயிற்சி. ரமணாசிரமம் பக்கம் வாடகை அறையில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரரைக் கூட்டிவந்து ஜெயந்திமாலாவின் உள்ளங்காலில் வெண்கலக் கிண்ணத்தை வைத்துத் தட்டி ஒலி எழுப்ப வைத்தார்கள். அவருக்கே தூக்கம் வந்துவிட்டது. மஞ்சள் பலூன் ஒன்றைக் கட்டிலில் கட்டினார்கள், மறுநாள் இரண்டாக்கினார்கள். டிவிச் சூரியனால் ஜெயந்திமாலாவுக்குக் கண் எரிந்தது. யசோதரன் துண்டை எடுத்து டிவி மேல் போட்டார், நர்ஸ் வந்து எடுத்தாள், மறுபடி போட்டார்.

ஒருநாள் பலூனுக்குக் காற்று நிரப்ப வந்த சைலஜா, யாரும் இல்லாத நேரம் பார்த்து ஸ்டூலில் உட்கார்ந்து தாடையைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். பசும்பொன் நகை மாதிரி எப்போதும் போட்டிருக்க வேண்டிய சிரிப்பு அது, கழற்றி வைத்தபின் முகம் வேறாகத் தெரிந்தது. வலிக்குதா என்று ஜெயந்திமாலா கேட்டாள். சாயங்காலம் ஆனா வலிக்கும்மா, வீட்ல போய் யார்கூடவும் பேசறதில்ல என்றாள். ஜெயந்திமாலா அவளைக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருக்கச் சொன்னாள். அந்த ஆஸ்பத்திரியில் ஒரு மனுஷர் இன்னொரு மனுஷருக்குக் கொடுத்த ஒரே சிகிச்சை அதுவாகத்தான் இருக்கும்.

யசோதரன் மாடிக்கும் வார்டுக்கும் நடந்து தேய்ந்துகொண்டிருந்தார். ஜெயந்திமாலா படுத்த இடத்தில் இருந்தபடி வார்டைக் கவனித்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு வேறு வேலை இல்லை. வாசல் பக்கக் கட்டிலில் டெங்குக் காய்ச்சலோடு ஒரு கல்லூரிப் பெண் கிடந்தாள். அவளிடம் டாக்டர் வந்து, தண்ணி ஒழுங்காக் குடிக்க மாட்டியா என்று திட்டிவிட்டுப் போனார். ஒரு பலூன்கூட அவளுக்குக் கட்டவில்லை. அந்தப் பெண் தேறி எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். ஜன்னல் பக்கம் அடி அண்ணாமலையில் கடை வைத்திருந்த ஒரு பெரியவர் இருந்தார். அவருக்குப் பலூன் வந்தது, கைதட்டு வந்தது, சோமேஷ் வந்தார். கடைசியில் ஆஸ்பத்திரியின் நிறுவனர் டாக்டர் அருணேஷ் பூங்கொத்தோடு வந்து, அடுத்த பௌர்ணமிக்கு நீங்க கிரிவலம் போறீங்க என்று கையைக் குலுக்கினார். விடிந்தபோது அந்தக் கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தது. பெரியவர் ‘மேல்நிலை நல’த்துக்கு மாறிவிட்டதாகச் சொன்னார்கள்.

இதை அவள் யசோதரனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் மறுபடி மூன்றாம் மாடிக்கு ஓடுவார், முட்டி வேறு வீங்கியிருந்தது.

பௌர்ணமி அன்று மத்தியானம் வார்டில் திடீரென்று சுறுசுறுப்பு. தரையைத் துடைத்தார்கள், பலூனைப் புதிதாகக் கட்டினார்கள். போட்டோக்காரர் முன்னால் வர, டாக்டர் அருணேஷ் உள்ளே வந்தார். வெள்ளைக் கோட்டு, கையில் செவ்வந்தியும் ரோஜாவும் கலந்த பூங்கொத்து. பின்னால் சோமேஷ், அவருக்குப் பின்னால் கண்ணைக் கீழே போட்டபடி டாக்டர் சாம்பவி.

“அம்மா, எங்க ஆஸ்பத்திரியில நூத்துக்கு நூறு நம்பிக்கை. இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டகூட நாங்க கெட்ட செய்தி சொன்னதில்ல. சொல்ல வேண்டிய நிலைமை வந்தப்பகூட சொன்னதில்ல. அதுதான் எங்க சாதனை. வர்ற கார்த்திகை தீபத்துக்கு நீங்க மலை உச்சிக்கே ஏறுறீங்க. நான் கேரண்டி.”

ஜெயந்திமாலா பூங்கொத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ரொம்ப நன்றிங்க என்றாள். அவர்கள் போனதும் யசோதரன் பக்கம் திரும்பினாள். அவர் முகம் மலர்ந்து போயிருந்தது. பெரிய டாக்டரே சொல்லிவிட்டாரே என்று ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“ஏங்க, பெரிய டாக்டரே பூவோட வந்துட்டாரு. நம்ம ஊர் கபாலிக்குப் போன் போட்டு வேனை எடுத்துட்டு வரச் சொல்லுங்க.”

அவருக்குப் புரியவில்லை. அவள் பூ வாங்கின பெரியவர் கிடந்த ஜன்னல் பக்கக் கட்டிலைக் கண்ணால் காட்டினாள். பிறகு திட்டு வாங்கின பெண் எழுந்துபோன வாசல் கட்டிலைக் காட்டினாள். யசோதரன் பூங்கொத்தைப் பார்த்தார். இத்தனை நாள் அவர் ஏறி இறங்கிக் கேட்ட கேள்விக்கு அந்த ஆஸ்பத்திரி தினமும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அவர் அழுதார், சத்தம் வராமல், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு. பிறகு கபாலிக்குப் போன் போட்டார்.

அழைத்துக்கொண்டு போவது அத்தனை சுலபமாக இல்லை. நற்பொழுதிலிருந்து நலமடையாமல் யாரும் வெளியே போனதில்லை என்றார் சோமேஷ். அப்படி ஒரு வகையே கம்ப்யூட்டரில் கிடையாது. யோசித்துப் பார்த்து அவர்களாகவே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஜெயந்திமாலா முழுக்க குணமாகிவிட்டதாகப் பதிவு செய்தார்கள். குணமானவர்களுக்கு வழக்கமாகச் செய்கிற நன்றி விழாவை இவளுக்கும் செய்தாக வேண்டியிருந்தது. ஸ்ட்ரெச்சரிலேயே மாலை போட்டார்கள். கைதட்டும் குழு தட்டியது. யசோதரன் மைக்கில் ஒரு வார்த்தை, என் மனைவி குணமாகிவிட்டாள் என்று சொல்ல வேண்டும், அதை வீடியோ எடுப்பார்கள்.

பொய் சொல்வதில்லை என்பது அவர் எடுத்துக்கொண்ட விரதங்களில் ஒன்று. எதையும் ஒரே பக்கமாகச் சாதிக்கக்கூடாது என்பது அவர் சமயம் சொல்லிக்கொடுத்தது. அதனால் மைக்கைப் பிடித்து, ஒரு வகையில் பார்த்தால் குணமாகிவிட்டாள், இன்னொரு வகையில் பார்த்தால் இல்லை என்றார். இரண்டாவது பாதியை வெட்டிவிடலாம் என்று சோமேஷ் போட்டோக்காரரிடம் சொன்னார். இப்போதும் அந்த வீடியோ வரவேற்பறையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கூத்தெல்லாம் முடிந்து வேன் கிளம்பும்போது ஐந்து மணி தாண்டிவிட்டது. பௌர்ணமி ஆனதால் வேலூர் ரோடு முழுக்கக் கிரிவலத்துக்கு வருகிற பஸ்களும் வேன்களும். கபாலி ஒதுங்கி ஒதுங்கி ஓட்டினார். ஜெயந்திமாலா பின் சீட்டில் படுத்தபடி, தலையைத் திருப்பி மலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். போஸ்டர் ஒட்டாத மலை, வறண்டு காவி நிறத்தில் இருந்தது. மத்தியானம் அவள் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. வழியில் நிறுத்தி ஏதாவது வாங்கிவிடலாம் என்று யசோதரன் நினைத்தார், நிறுத்த இடம் இல்லை. மரங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது, அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அவள் பிழைக்க வேண்டும் என்று அவர் அப்போது ஆசைப்படவில்லை. ஆசைப்பட்டுப் பட்டு அது தேய்ந்துபோயிருந்தது. மருதேவி கதவைத் திறக்க வேண்டும், அது மட்டும் போதும் என்று இருந்தது. அவளுக்குத் தகவல் சொல்லவில்லை, சொல்லத் தைரியம் வரவில்லை. திறக்காமலும் போகலாம். திறப்பாள் என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை. இருந்தும் நினைத்தார். யாரும் கைதட்டிச் சொல்லிக்கொடுக்காத அந்த நினைப்பை வேனின் கம்பியைப் பிடித்திருந்த மாதிரியே கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வந்தார்.

கதை சொல்கிறவர்கள் நற்பொழுது மாதிரி மழுப்பக்கூடாது. ஜெயந்திமாலா பிழைக்கவில்லை. அடுத்த வாரமே போய்விட்டாள். ஆனால் அது அடுத்த வாரம்.

அன்றைக்கு ஊர் வந்து சேரும்போது இருட்டிவிட்டது. வேன் சத்தம் கேட்டு மருதேவியின் கதவு தானாகவே திறந்தது. கபாலியும் யசோதரனும் ஜெயந்திமாலாவைத் தூக்கி வந்து, அவள் சொன்னபடி மருதேவி வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். கழுத்தில் நன்றி விழா மாலை அப்படியே இருந்தது. மருதேவி கதவைப் பிடித்தபடி நின்றாள்.

“மருதேவி, அன்னிக்குப் பந்தியில நான் சொன்னது தப்பு. தெரிஞ்சேதான் சொன்னேன். மன்னிச்சுடு.”

மருதேவி கிட்டே வந்து மாலையைக் கழற்றித் தள்ளி வைத்தாள். சாப்பிட்டாளா என்று யசோதரனைக் கேட்டாள். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். மருதேவி உள்ளே போனாள், கொஞ்ச நேரம் வரவே இல்லை. வந்தபோது கையில் கிண்ணம். சூடாகக் கஞ்சி. கிண்ணத்தை நீட்டியபிறகுதான் அவளுக்கு வெளியே இருட்டு என்பது உறைத்தது. கை பாதியில் நின்றுவிட்டது.

வேனில் விட்டிருந்த யசோதரனின் போன் அடித்தது, போய் எடுத்தார். நற்பொழுதிலிருந்து, பதிவுசெய்த குரல். உங்கள் நம்பிக்கை நன்றாக இருந்தால் ஒன்றை அழுத்தவும், மிக நன்றாக இருந்தால் இரண்டை அழுத்தவும் என்றது. மூன்றாவதாக ஒன்றும் சொல்லவில்லை. அவர் அதை வேன் சீட்டிலேயே பேசவிட்டுவிட்டு வந்தார்.

ஜெயந்திமாலா கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். நிலா நல்ல வெளிச்சமாக இருந்தது, பகல் என்று யாரும் தப்பாக நினைக்க வழியில்லாத ராத்திரி. ஆயுசில் முதல்முறையாக விளக்கு வைத்தபின் ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள்.

“நானும் பொழுது சாய்ஞ்சு சாப்பிட்டுட்டேன். நாளைக்கு ஊரெல்லாம் சொல்லிடு.”

“சொல்லாம விடுவேனா” என்றாள் மருதேவி. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் காலடியில் உட்கார்ந்தாள்.

“உப்பு கம்மி” என்றாள் ஜெயந்திமாலா.

“நீ மாறவே மாட்டக்கா” என்று சொல்லிக்கொண்டே மருதேவி உப்பு எடுக்க எழுந்து போனாள்.